ஊசி தின்ற முள்

அக்காவுக்கு வேலை, செத்த ஈக்களுக்குச் சீட்டு எழுதுவது. அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் பத்தொன்பது வருட உதவியாளர்.

"உனக்கு ஆபீஸ்ல ஈ ஓட்டத்தான் சம்பளம்க்கா" என்பான் தம்பி.

"ஓட்டினா வேலை போயிடும்டா. உட்கார வைக்கத்தான் சம்பளம்."

அவள் பொறுப்பிலிருந்த ஈக்கள் எள்ளில் பாதி இருக்கும். அந்தப் பேரினத்தை யாரும் சீண்டுவதில்லை. அடையாளம் சொல்ல அறுபது வருடத்துப் பழைய அட்டை ஒன்றுதான்: 'நடுமுதுகில் முள் இல்லை.'

இந்த வருடம் ஓடைக்கரையில் பிடித்து வந்தவற்றை அவள் ஊசியில் குத்தவில்லை. அந்தப் பொடி உடம்பு தாங்காதென்று, காகித முனையில் பசை தொட்டு விலாப்புறமாக ஒட்டினாள். பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் நடுமுதுகில் ஒரு ஜோடி முள்! பிரிவுத் தலைவர் துள்ளினார். அட்டையோடு ஒத்துப்போகவில்லை, ஆகவே புதிய பேரினம். திங்கட்கிழமை கட்டுரை அச்சுக்குப் போவதாக ஏற்பாடு.

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. அந்த அட்டை எழுதக் காரணமான பழைய ஈக்களின் இழுப்பறையைத் திறந்தாள். அறுபத்தோரு ஈ. அறுபதில் ஊசி நடுமுதுகிலேயே இறங்கியிருந்தது. முள் இருந்த இடமே ஓட்டை. கடைசி ஈயில் மட்டும் யாருக்கோ கை நடுங்கி, ஊசி வலப்பக்கம் சரிந்திருந்தது. இடப்பக்கம் ஒற்றை முள் விறைத்து நின்றது.

"சார், இது புதுசு இல்ல. பழசேதான்."

"நாலு டாக்டர் பட்டம் பார்த்தாச்சும்மா. நீ சீட்டை ஒட்டு."

"பட்டம் இருக்கட்டும் சார். ஓட்டையில என்னத்தைப் பார்த்தாங்க?"

"நாளையிலேர்ந்து மைக்ரோஸ்கோப் பக்கமே வராதே."

"சரி சார். இன்னைக்கு இன்னும் முடியலையே."

அட்டையை எழுதியவர் பெரிய ஆள் என்பதாலேயே ஒரு தவறு அறுபது வருடம் நின்றிருக்கிறது. உலகத்தில் பாதிப் பொய்கள் இந்தத் தெம்பில்தான் நிற்கின்றன. அவள் மைக்ரோஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு அந்த நாலு டாக்டர்களும் கட்டுரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த கூட்ட அறைக்கு நேரே போனாள். அந்த நால்வர் முன்னால் வைத்து, கடைசி ஈயை லென்சுக்குக் கீழே வைத்தாள்.

"சொன்னா நம்ப வேண்டாம். பாருங்க."

ஒருவர் பார்த்தார். அடுத்தவரை இழுத்துக் காட்டினார். தலைவர்தான் கடைசியாகக் குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"கட்டுரையை நிறுத்திடலாம்" என்றார். "அட்டையைத் திருத்தணும். நான் எழுதித் தரேன், நீ ஒட்டிடு."

"கண்டது நான் சார். நானே எழுதுறேன்."

எழுதினாள்: 'நடுமுதுகில் ஒரு ஜோடி முள் உண்டு. குத்தாதே, ஒட்டு.' கீழே தேதி. அதன்கீழ் தன் கையெழுத்து.

பிறகு மைக்ரோஸ்கோப்பை எடுத்துப்போய், தன் மேசையிலேயே வைத்தாள்.