ஈர மண்ணில் மாடு விட்டவர்

மழை விட்டால் போதும், என் வீட்டுக்காரர் மாடுகளை அவிழ்த்துவிடுவார். "மழை பட்ட புல்லு இனிக்கும், புள்ள" என்பார். எப்போது தின்று பார்த்தாரோ, நான் கேட்டதில்லை.

செராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் குத்தகை நிலத்தில் பசுக்களை மேய்த்துப் பால் விற்றுவந்தோம். சிங்கப்பூரில் மழைக்கா பஞ்சம்? பெய்யப் பெய்ய, அந்த ஈரத்தில் மாடுகள் மிதித்துக்கொண்டே இருந்தன. புல் மஞ்சளாகி, நடுநிலம் வழுக்கை விழுந்தது. குளம்படிக் குழிகளில் தண்ணீர் தேங்கினால் மழை அதிகம் என்பார். வெயிலில் அதே இடம் வெடித்தால் மழை போதவில்லை என்பார். கடைசியில் கண்ணேறு என்று வேலியில் எலுமிச்சம்பழம் கட்டினார். அதையும் ஒரு பசு தின்றுவிட்டது.

பால் குறைந்தது. "அந்தச் செவலையை வித்துடுவோம். வயசாயிடுச்சு" என்றார். கிழட்டுப் பசு எங்கே போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியாது?

மறுநாள் செவலையைக் கட்ட நடுநிலத்தில் முளை அடித்தேன். இறங்காமல் முளை பிளந்துபோனது. மாடு கால்வைக்க முடியாத முட்புதர் ஓரத்தில், கையால் அழுத்தியதற்கே இன்னொரு முளை இறங்கியது. இரண்டு இடத்திலும் புல்லைத் தோண்டி எடுத்தேன். புதரோரப் புல்லுக்கு வேர் ஒரு சாண் நீளம். நடுநிலத்துப் புல்லின் வேரோ ஒரு விரற்கடை இறங்கி, மேற்கொண்டு வழியில்லாமல் பக்கவாட்டில் சுருண்டிருந்தது. இரண்டையும் அவர் சாப்பிடும்போது முன்னால் வைத்தேன்.

"இது வேற புல்லு" என்றார்.

"ஒரே புல்லுதாங்க. ஈர மண்ணுல மாட்டை விட்டுக் கல்லா இறுக்கி வச்சிருக்கீங்க. வேர் எங்க போவும்? தண்ணிதான் எங்க இறங்கும்?"

விடிந்ததும் அவர் கடப்பாரையோடு கிளம்பினார். பாதி நிலத்தை அடைத்து, மண்ணைக் கிளறி, சாணம் போட்டோம். சாலையோரப் புல்லை அறுத்துச் சுமந்துவந்து மாடுகளைக் கொட்டிலிலேயே வைத்துத் தீனி போட்டோம். தன் தலையில் புல்கட்டு ஏறும்போதெல்லாம் முனகினார். யார் கேட்டார்கள்?

புதுப்புல் லேசாகத் தலைகாட்டியிருந்தது. அதற்குள் மாட்டுத் தரகர் வந்துவிட்டார். நான் கொட்டிலுக்குள் செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"விக்கிறதுக்கு இல்லீங்க" என்றது என் வீட்டுக்காரரின் குரல்.

"நீங்கதானே வரச் சொன்னீங்க?"

"சொன்னேன். ஊரு நெனப்பு வந்தா எம் பொஞ்சாதி அது கழுத்தைக் கட்டிக்கிட்டுத்தான் அழுவா. அதைக் குடுத்துட்டா எங்க போயி அழுவா?"

நான் கப்பலிறங்கி வந்த புதிதிலிருந்தே அழுவதைப் பார்த்திருக்கிறார். இத்தனை வருஷமாக வாயைத் திறக்கவில்லை, மனுஷன்.