அப்பாவுக்கு நான் எழுதிய காய்ச்சல்

எங்கள் வீட்டில் லீவு லெட்டர் எழுதுவது என் வேலை. அப்பாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். நாங்கள் குடியிருந்தது கொச்சி மட்டாஞ்சேரியில்; நான் அங்கே மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அதனால் அப்பா வேலை பார்த்த நகரத் துப்புரவுப் பிரிவுக்குப் போன லெட்டரெல்லாம் என் கையெழுத்துதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். குடிக்கிற மனுஷர் இல்லை, சண்டைக்காரரும் இல்லை. பக்கத்தில் வைத்த சாயா ஆறி ஆடை கட்டும். இரண்டு நாள் வேலைக்குப் போவார், நாலு நாள் படுப்பார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் ‘மடி’ என்றார்கள். சோம்பேறித்தனத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர்.

“பனின்னு எழுதுடி,” என்பாள் அம்மா. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். மனசு சரியில்லை என்று வெளியே தெரிந்தால் வேலை போய்விடும், அண்ணனுக்கு நாளைக்குப் பெண் கிடைக்காது என்று அவளுக்குப் பயம். நானும் மணிமணியான கையெழுத்தில் பனி, பனி என்று எழுதித் தள்ளினேன்.

ஒருநாள் காலையில் அப்பாவுக்கு நெஞ்சைப் பிடித்தது. ஆஸ்பத்திரியில், இதற்கு முன்னால் என்ன நோவு என்று கேட்டார்கள். அம்மாவும் நானும் ஒரே குரலில் “பனி” என்றோம். லெட்டரில் ஒன்று, வாயில் ஒன்று என்று இருக்கக்கூடாதே! மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார். நாற்பத்தாறு வயது. உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா, தெரியாது. ஆனால் நாங்கள் சொல்லவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்றைக்கும் அடங்கவில்லை.

அப்பாவின் வேலை அண்ணனுக்குக் கிடைத்தது. பத்து வருஷம் ஒழுங்காகப் போனான். அம்மா அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்த நேரத்தில், அவனும் அதே சுவரைப் பார்த்துப் படுத்தான். அம்மா பேப்பரையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“பனின்னு எழுது.”

“எழுத மாட்டேன்.”

“எடி, பெண் வீட்டுக்காரங்க காதுக்குப் போனா என்ன ஆவும்?”

“போகட்டும். அப்பாவுக்குக் காய்ச்சல்னு எழுதி எழுதியே வழியனுப்பி வச்சேன். இவனையும் அனுப்பச் சொல்றியா?”

அண்ணனைப் பிடித்து இழுத்து எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றினேன். என் வாயை அடக்குவதற்கென்றே அம்மாவும் கூட வந்தாள். டாக்டரம்மா அண்ணனுக்கு பிரஷர் பார்த்தார். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்டார்.

“இவங்கப்பாவுக்கு அட்டாக்,” என்றாள் அம்மா. அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சமில்லை. மாரடைப்பு மரியாதையான நோய். மேலே நான் பேசாமலிருக்க என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

“அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், இவனை மாதிரியே,” என்றேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். மனச்சோர்வும் இதய நோயும் சில குடும்பங்களில் சேர்ந்தே வரும், இரண்டுக்கும் பொதுவாகச் சில மரபணுக்கள் இருக்கலாம் என்று ஆராய்கிறார்கள், அதற்காக மகனுக்கும் அப்பாவின் கதிதான் என்று எந்த ரத்தத்திலும் எழுதியிருக்கவில்லை, இரண்டையும் சேர்த்துக் கவனித்தால் போதும் என்றார். அண்ணனுக்கு ஈசிஜி எழுதினார். மனநல டாக்டருக்கும் சீட்டு எழுதினார். ரத்தத்தில் என்ன வேண்டுமானாலும் வந்துவிட்டுப் போகட்டும், பொய்யாவது எங்களோடு முடியட்டும் என்று எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“அப்பா எத்தனை மாதம் அப்படி இருந்தார்?” என்று என்னைக் கேட்டார்.

“மூணு, நாலு மாசம் இருக்கும்.”

“ஏழு,” என்றாள் அம்மா. தலை குனிந்திருந்தது. “ஏழு மாசமும் பதினோரு நாளும். மடி இல்ல டாக்டரே. அவரால எழுந்திருக்க முடியல.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அண்ணனுக்கு லீவு லெட்டர் எழுதத் தொடங்கினேன். காரணத்துக்கு வந்ததும் அண்ணன் என் கையைப் பிடித்தான். “வேண்டாம்டி, வேலை போயிடும்.”

அம்மா அவன் கையை எடுத்துவிட்டாள்.

“உள்ளதை எழுதட்டும்டா. வேலை போனா போவட்டும். எனக்கு நீ வேணும்.”