திருப்பாமல் எழுதிய வாழ்த்து

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் எதிரில் பேசவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். இப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் விழுப்புரத்தில் ஒரு மரச்சாமான் கடையில் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தேன். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் தேய்க்கிற வேலை. மதுவிலக்குக் காலம், குடிப்பவர்கள் பாண்டிக்கு ஓடுவார்கள். பாலீஷ்காரர்கள் மிஞ்சியதைக் குடித்துவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. எல்லாம் பொய்யென்றும் சொல்ல முடியாது. நான் வாயில் வைத்ததில்லை.

கல்யாணமான முதல் மார்கழியில், தன் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று என் மனைவி திண்டிவனம் போனாள். தலைப்பொங்கலுக்கு நான் போய் அழைத்து வர வேண்டும். ஒரு மாதம் பிரிந்திருந்ததை வாயால் சொல்ல எனக்கு வராது. ஒரு வாழ்த்து அட்டை செய்து கையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

ரயில்வே ஆபீஸ் மேஜைக்குப் பாலீஷ் போட்டபோது, அங்கே வரைபடம் போடுகிறவர் டிரேசிங் பேப்பர் துண்டுகள் கொடுத்திருந்தார். அந்தத் தாளில் தண்ணீர் வண்ணம் பட்டால் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துபோகும். ஸ்பிரிட்டில் கரைத்த சாயத்தூள் அப்படிச் செய்யாது, நொடியில் காயும். ஈர்க்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றிப் பூசினேன். ஒரே இடத்தில் இரண்டு முறை போனால் திட்டு விழும். கறுப்பு மசியில் கோடு முன்பக்கம், வண்ணம் பின்பக்கம். முன்பக்கமே பூசினால் ஸ்பிரிட் கோட்டைக் கலக்கிவிடும். தாளுக்குப் பின்னாலிருந்து தெரியும் வண்ணம், பனியில் பார்ப்பது போல மெத்தென்று இருக்கும்.

பானை, இரண்டு கரும்பு, ஒரு பசு. பசுவின் கண் என் மனைவியின் கண் மாதிரி அமைந்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. கடைசியில் சிவப்புச் சாயத்தில் ஒரு வரி எழுதினேன்.

கரும்புத் தோகை மட்டும் பாக்கி. அங்கே போய்ப் பூசிக்கொள்ளலாம் என்று பச்சைச் சாயத்தை ஒரு மருந்துப் பாட்டிலில் ஊற்றிப் பையில் வைத்தேன். போகிக்கு முந்தின நாள் ரயில் ஏறினேன். பேரணி தாண்டுவதற்குள் தக்கை கழன்று, மாற்று வேட்டி பச்சையாகிவிட்டது. என் கையும்தான்.

வீட்டுக்குள் கால் வைத்ததும், காய்ச்சல் தேறியிருந்த மாமியார் மூக்கைச் சுளித்தார்.

"இன்னாங்க, மாப்ள மேல ஒரு வாசன வருது?"

மாமனார் கிட்டே வந்தார். "மாப்ள, நேரா வர்றீங்களா, பாண்டி சுத்திக்கினு வர்றீங்களா?"

"இல்ல மாமா. பாட்டிலு…"

"பாட்டிலா! பையிலயே வெச்சிக்கினு வர்றீங்களா? எங்க, ஊதுங்க."

ஊதினேன்.

"வாயில ஒண்ணும் காணோம். கையிலதான் அடிக்குது."

"கையாலயா குடிப்பாங்க நைனா?" என்றாள் என் மனைவி, சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு.

"நீ சும்மா இருடி," என்றார் மாமியார். "உன்ன இவரோட அனுப்பறதா வேணாமான்னே ரோசனையா இருக்குது."

சாயம் படாமல் தனியாகச் சுருட்டிக் கொண்டுவந்த தாளை எடுத்து நீட்டினேன். மாமனார் அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"மாட்ட நல்லாதான் போட்டுக்கீறாரு. எழுத்தப் பாரு! ஒரு எழுத்தாவது நேரா கீதா? நெதானத்துல இருக்கிறவரு எழுதுற எழுத்தா இது?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். பின்பக்கம் வண்ணம் பூசியவன், தாளைத் திருப்பாமலே எழுதியிருக்கிறேன். முன்பக்கம் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி நின்றது.

என் மனைவி வந்து தாளை வாங்கி ஒரு பார்வை பார்த்தாள். மறுபக்கம் திருப்பி, அப்பா கையிலேயே வைத்தாள்.

"நீ இல்லாமல் வீடு…" என்று மாமனார் சத்தமாக ஆரம்பித்தார். அதற்குமேல் உதடு மட்டும் அசைந்தது. தாளை மகளிடம் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் மாமியாரிடம் சொன்னார்:

"மாப்ளைக்குச் சோறு போடு. இவ துணிமணிய எடுத்து வெக்கச் சொல்லு."

மறுநாள் போகி. காலை பாசஞ்சரில் நாங்கள் இருவரும் விழுப்புரம் வந்தோம். வீட்டைக் கழுவிவிட்டோம்.