படிக்கொரு புள்ளி

சுர்சத்தி மங்ரு 1960 ஆகஸ்ட் 12 அன்று தென் அமெரிக்காவில் உள்ள கயானாவின் பெர்பிஸ் பகுதியில், போர்ட் மோரன்ட் கரும்புத் தோட்டக் குடியிருப்பில் பிறந்தார். 1991 நவம்பர் 3 அன்று நியூயார்க் வந்து சேர்ந்தார். 1994 முதல் அவருக்கு முதியோரை அவரவர் வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கும் வேலை. கணவர் மஹாதியோ பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். மகள் டேவிகா மூன்றாம் வகுப்பு ஆசிரியை. கணவரின் தம்பிகள் இருவரோடு சேர்ந்து 1998இல் கயானாக்காரர்கள் நிறைந்த ரிச்மண்ட் ஹில்லில் வாங்கிய வீட்டில் குடும்பம் வசிக்கிறது. அதன் நிலவறையில் ஒரு பஞ்சாபி டாக்சி ஓட்டுநர் வாடகைக்கு இருக்கிறார்.

2015 மார்ச் 9 அன்று சுர்சத்திக்கு ஒதுக்கப்பட்ட முதியவரின் பெயர் லாவ் காம் விங். வயது எழுபத்தொன்பது. 1974இல் சீனாவிலிருந்து வந்தவர். இருபத்தாறு ஆண்டுகள் உணவகச் சமையலறையில் ஆவியில் வெந்தவர். மனைவி தையற்கூடத்தில் உழைத்து, 2009இல் காலமானார். சைனாடவுனில் கிராண்ட் தெருவை ஒட்டிய பழைய கட்டடம் ஒன்றில் இரண்டாம் மாடியில் அவர் வீடு. லிஃப்ட் கிடையாது. தெருவிலிருந்து வீட்டு வாசல் வரை முப்பத்து நான்கு படிகள்.

அந்தப் படிகளில்தான் ஜனவரியில் அவர் விழுந்தார். மேலிருந்து எட்டாவது படி. இடுப்பு எலும்பு முறிந்தது, அறுவை சிகிச்சை நடந்தது, எலும்பும் கூடிவிட்டது. வீட்டுக்குள் கைத்தடியோடு நன்றாகவே நடந்தார். சமையலறையில் தொங்கிய கூண்டுக்குப் போய்த் தன் வெண்புருவப் பறவைக்குத் தீனி வைத்தார். வாசற்கதவைத் திறந்தால் மட்டும் கால் மரத்துப்போகும். "எலும்பில் குறையில்லை, படியைக் கண்டால் உடம்பு மறுக்கிறது" என்று உடற்பயிற்சி சிகிச்சையாளர் எழுதிவிட்டுப் போனார்.

வேலைக்கு அனுப்பிய நிறுவனம் தந்த தாளில் உணவு, மருந்து, குளியல் ஆகியவற்றுக்கு மட்டுமே கட்டங்கள் இருந்தன. சுர்சத்தி தனியாக ஒரு நீல நோட்டு வாங்கி, அதில் 'படி' என்று ஒரு பத்தி போட்டார். ஏழு வாரங்கள் அந்தப் பத்தியில் பூஜ்யம் தவிர வேறு எண் ஏறவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு. நியூயார்க்கின் புறநகரில் கணக்காளராக இருக்கும் மகள் சுக் யீ வந்தாள்.

"அப்பா, ஜூன் முப்பதாம் தேதி இன்சூரன்ஸ் நர்ஸ் வராங்க. அன்னைக்கு நீங்களா நடந்து தெருவுக்கு இறங்கினா இங்கயே இருக்கலாம். இல்லேன்னா ஜூலையில நியூ ஜெர்சி ஹோம்தான். அங்க லிஃப்ட் இருக்கு."

"பறவை வெச்சுக்கலாமா?"

"கூடாதாம்."

"கஞ்சி?"

"ஓட்ஸ் கஞ்சி தருவாங்கப்பா."

பெரியவர் எழுந்து போய்ப் பறவைக் கூண்டின் துணியை இழுத்து மூடினார். மனைவி போனபின் ஆறு ஆண்டுகள், தினமும் காலையில் அந்தக் கூண்டைத் தூக்கிக்கொண்டு மூன்று தெரு தள்ளியிருக்கும் பூங்காவுக்குப் போனவர் அவர். அங்கே சீனக் கிழவர்கள் பத்துப் பதினைந்து பேர் கூண்டுகளைக் கம்பியில் வரிசையாக மாட்டிவிட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டே ஊர்வம்பு பேசுவார்கள். அந்தத் துணி மூடப்பட்டபோது என்ன மூடப்பட்டது என்று சுர்சத்திக்குத் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவர் ரிச்மண்ட் ஹில் பூங்காவுக்குப் போனார். கயானா ஆண்களுக்கும் குருவிப் பைத்தியம் உண்டு. இரண்டு கூண்டுகளை அருகருகே கழியில் தொங்கவிடுவார்கள். ஒவ்வொரு கூவலுக்கும் ஒருவர் பலகையில் ஒரு கோடு இழுப்பார். முதலில் ஐம்பது கோடு எட்டிய குருவிக்கு வெற்றி. அன்று மஹாதியோவின் குருவி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது.

"ஏங்க, வீட்டுல வாயே திறக்காத சனியன், இங்க வந்து இந்தக் கத்து கத்துதே?"

"இது பாட்டுன்னா நினைச்ச? சண்டை, சுர்சி. தனியா கிடந்தா அது எதுக்குப் பாடப்போகுது? பக்கத்துல ஒரு எதிரியைத் தொங்கவிடு. அப்புறம் நிப்பாட்டறதுதான் கஷ்டம்."

"மனுஷங்களும் அப்படித்தானோ?"

"மத்தவங்க எப்படியோ. நீ வாயைத் திறந்தா எனக்கும் திறந்துக்குது."

மே 4, திங்கள். சுர்சத்தி பெரியவரின் இடுப்பில், தடுமாறினால் பிடித்துக்கொள்வதற்கான நடைப்பட்டையைக் கட்டி, வாசற்கதவைத் திறந்து, தான் ஒரு படி கீழே இறங்கி அவரைப் பார்த்து நின்றார்.

"அங்கிள், ஒண்ணு கேக்கணும். வெறுங்கையோட இந்த ஊருக்கு வந்தவங்கள்ல யாரு நல்லா முன்னேறினது? நாங்களா, நீங்களா?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா, கயானா? நாங்கதான்." அவர் சுர்சத்தியை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"சும்மா சொன்னா ஆச்சா? பாயிண்ட் பாயிண்டா நிரூபிக்கணும். ஒரு பாயிண்டுக்கு ஒரு படி. முதல் பாயிண்ட் எனக்கு. எங்களுக்குச் சொந்த வீடு இருக்கு. உங்களுக்கு நாப்பத்தோரு வருஷமா வாடகை வீடு."

"சொந்த வீடாம். மூணு அண்ணன் தம்பி, மூணு அடுப்பு, கீழ ஒரு சர்தார்ஜி. அது வீடா, சத்திரமா?"

"சத்திரமோ சாவடியோ, பத்திரம் எங்க பேர்ல. இறங்குங்க."

பெரியவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயோடு ஒரு படி இறங்கினார். இறங்கிய பிறகுதான் இறங்கியது உறைத்தது. சட்டென்று கைப்பிடியை இறுகப் பற்றினார். சுர்சத்தி அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"ரெண்டாவது எனக்கு," என்றார் பெரியவர் மூச்சு வாங்கியபடி. "நான் வந்த அன்னைக்கு எங்க ஊர்ச் சங்கத்துல படுக்கை கொடுத்தான், சோறு போட்டான், மறுநாளே வேலை. உனக்கு யாரு கொடுத்தா?"

"நாத்தனார் வீட்டு சோபா. அதுவும் நாலு மாசம், முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு."

"அப்ப எனக்கு ஒண்ணு!"

நீல நோட்டில் அன்று 2 என்று ஏறியது.

விதிகள் தாமாகவே வளர்ந்தன. ஒவ்வொரு நாளும் மேலிருந்து தொடங்க வேண்டும். பழைய புள்ளிகளைப் பெயர் சொல்லிக் கடந்த பின்புதான் புதிய படி. ஆகவே படிகளுக்கு வீட்டுப்படி, சங்கப்படி என்று பெயர்கள் அமைந்தன. மூன்றாவது ஆங்கிலப்படி: சுர்சத்திக்கு ஆங்கிலம் தெரிந்ததால் வந்த எட்டாம் நாள் வேலை கிடைத்தது, பெரியவர் ஒரு முழு வாக்கியம் பேசப் பதினோரு ஆண்டுகள் ஆயின. ஐந்தாவது மகள்படி. கணக்காளர் உயர்த்தியா, ஆசிரியை உயர்த்தியா என்று இரண்டு நாள் வழக்கு நடந்து, சம்பளத்தை வைத்துச் சீனாவுக்குத் தீர்ப்பானது. அவர் விழுந்த எட்டாவது படிக்குப் பெயர் ஞாயிற்றுக்கிழமை.

"இருபத்தாறு வருஷம். ஒரு ஞாயித்துக்கிழமை லீவு போட்டதில்ல நான். எனக்குப் பாயிண்ட்."

"இதுக்கு யாராவது பாயிண்ட் கேப்பாங்களா? ஞாயித்துக்கிழமை நாங்க கிரிக்கெட் ஆடுவோம், வாத்துக் கறி சமைப்போம், பாட்டுப் போட்டுத் தெருவையே ஆட்டுவோம். பாயிண்ட் எங்களுக்கு!"

"அதான் உங்க பேர்ல ஒரு பேங்க் கூட இல்ல."

"அதான் உங்க கால்ல டான்ஸ் இல்ல."

அந்த வாக்குவாதத்தின் சூட்டில், தான் விழுந்த படியை அவர் மிதித்ததும் தெரியவில்லை, தாண்டியதும் தெரியவில்லை. யாருக்குப் புள்ளி என்பது மட்டும் முடிவாகவில்லை. கடைசியில் சுர்சத்தி விட்டுக்கொடுத்தார்.

பெரியவர் கடைசிவரை ஒப்புக்கொள்ள மறுத்த புள்ளி ஒன்று உண்டு. கயானாவில் கல்யாணமோ கருமாதியோ, சௌமீன் என்ற சீன நூடுல்ஸ் இல்லாத பந்தி கிடையாது; சீனர்கள் செய்வதைவிட அதுவே ருசி என்பது சுர்சத்தியின் கட்சி. சுர்சத்தி அதை ஒரு டப்பாவில் கொண்டுவந்து வைத்தார்.

"இதுக்குப் பேரு சௌமீனா? மஞ்சளா இருக்கு. மிளகாய் கிடக்கு. என் தொழில் மேல காறித் துப்பின மாதிரி இருக்கு."

"சாப்பிட்டுட்டுத் திட்டுங்க."

"வேண்டாம். பறவைக்குப் போட்டுடறேன்."

மாலையில் டப்பா கழுவிக் கவிழ்த்திருந்தது. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் அப்படியே. "பறவை தின்னுச்சு" என்பதே ஒவ்வொரு முறையும் கிடைத்த அறிக்கை.

மே 22 அன்று, முதல் மாடித் திருப்பத்துக்கு மூன்று படி மேலே நின்று அவர் திடீரென யோசித்தார்.

"ஏ கயானா, நான் ஜெயிச்சாலும் இறங்குறேன், நீ ஜெயிச்சாலும் இறங்குறேன். இதுல ஏறுற பாயிண்ட் ஒண்ணு கூட இல்லையா?"

"இருக்கு அங்கிள். தோத்துட்டேன்னு ஒத்துக்கிட்டா வீட்டுக்கு ஏறிப் போயிடலாம்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தார்.

ஜூன் 11 அன்று இருபதாவது படியில் எல்லாம் நின்றது. கயானாக்காரர்களில் வீட்டுக்கொரு நர்ஸ், அந்தப் பெண்களின் சம்பாத்தியத்தில்தான் ரிச்மண்ட் ஹில்லே நிற்கிறது என்று சுர்சத்தி புள்ளி கேட்டார். பெரியவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"இந்தப் பாயிண்ட் கயானாவுக்கு இல்ல. உன் மூக்கைப் பாரு, நீ போடுற மஞ்சளைப் பாரு. நீ ஆசியாக்காரி. அப்ப இதுவும் எங்க கணக்குதான்."

"நான் ஆசியாவை மேப்புலதான் பார்த்திருக்கேன்! எங்க பாட்டனோட பாட்டன் கல்கத்தாவுல கப்பல் ஏறினாரு, கரும்பு வெட்ட. அதுக்கப்புறம் யாரும் திரும்பிப் போகல. எங்க வீட்டுக் கீழ இருக்கிறவரே, 'கயானாவா? அது ஆப்பிரிக்காவுல எங்கம்மா?'ங்கறாரு."

"அப்ப ஃபார்ம்ல எதை டிக் பண்ணுவ?"

"தொண்ணூத்தொண்ணுல ஆசியா. தொண்ணூத்தினாலுல மற்றவர். பொண்ணை ஸ்கூல்ல சேர்த்தப்ப, கிளார்க் என் முகத்தை ரெண்டு தடவை பார்த்துட்டு அவளே எதையோ போட்டுக்கிட்டா."

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். மூன்று மாதத்தில் சுர்சத்தி கேட்ட முதல் சிரிப்பு. ஆனால் புள்ளி விஷயத்தில் அவர் இம்மியும் அசையவில்லை. இரண்டு நாள் இருபதாம் படியில் நின்று வாதாடிவிட்டு ஏறிப் போனார்கள். மூன்றாம் நாள் அவரே தீர்ப்போடு வந்தார்.

"சரி, ரெண்டு பக்கமும் ஒரு கோடு போடு. ஆசியாவுக்கு ஒண்ணு, கயானாவுக்கு ஒண்ணு."

"அப்ப ரெண்டு படி, அங்கிள்."

அவர் தன் ஊர்ப் பேச்சில் ஏதோ வைதார். ஆனால் இருபத்திரண்டாவது படியில் நின்றுகொண்டுதான் வைதார்.

ஜூன் 29 அன்று முப்பத்து மூன்று வரை வந்தது. சரக்கு தீர்ந்துவிட்டது. சம்பளம், படிப்பு, மருமக்கள், ஈமச்செலவு, சொந்த ஊரில் விட்டுவந்த தென்னை வரை எல்லாம் புள்ளியாகிப் படியாகிவிட்டன. "அந்த ஒரு படியைச் சும்மா இறங்கிடுங்களேன்" என்று சுர்சத்தி கெஞ்சிப் பார்த்தார். "பாயிண்ட் இல்லாம படி இல்ல," என்றார் பெரியவர். முகம் வெளிறியிருந்தது. புள்ளியைப் பற்றிக்கொண்டே வந்த கால்கள் அது இல்லாமல் நகராது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு இன்சூரன்ஸ் நர்ஸ் கீழ்வாசலில் காகிதப் பலகையோடு நின்றார். பக்கத்தில் சுக் யீ நின்றாள். பள்ளி விடுமுறையானதால் மஹாதியோவும் தன் குருவிக் கூண்டோடு வந்திருந்தார்.

மேலிருந்து குரல்கள் இறங்கி வந்தன. "வீடு, கயானா. சங்கம், சீனா. இங்கிலீஷ், கயானா..." முதல் மாடிக் கதவு ஒன்று திறந்து, ஒரு கிழவி எட்டிப் பார்த்தாள்.

"இவங்க என்ன சொல்லிட்டு வராங்க?" என்று நர்ஸ் கேட்டார்.

"எனக்கும் தெரியல," என்றாள் சுக் யீ. "ஆனா அப்பா இறங்கறாரு."

முப்பத்து மூன்றில் பெரியவர் நின்றார். நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அங்கிள், உங்களை மாதிரி நல்ல மனுஷனை நான் பார்த்ததில்ல. சீனாவுக்கு ஒரு பாயிண்ட். வாங்க," என்றார் சுர்சத்தி.

"இரக்கத்துக்கெல்லாம் பாயிண்ட் கிடையாது."

"கடைசிப் படியில வந்து சட்டம் பேசாதீங்க!"

பெரியவர் மகளைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். மஹாதியோவின் கூண்டைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்தச் சௌமீன்."

"அதுக்கென்ன?"

"பறவை திங்கல."

"பின்ன?"

"நான்தான் தின்னேன். மூணு வாட்டியும். கயானாவுக்கு ஒண்ணு."

சொல்லிவிட்டு இறங்கினார்.

மஹாதியோ கூண்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். முதல் மாடிக் கிழவியும் காரணம் தெரியாமலே தட்டினாள். சுக் யீ அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். சத்தத்தில் குருவி கூவத் தொடங்கியது. பெரியவர் தலையைச் சாய்த்து அதை ஒரு நிமிடம் கேட்டார்.

"இதுக்குப் பேரு பாட்டா? ஏ கயானா, மேல போ. என் பறவையை எடுத்துட்டு வா. பார்த்துடலாம்."

சுர்சத்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு முப்பத்து நான்கு படியும் ஏறினார். கூண்டின் துணியை உருவிக் கதவில் போட்டார். பூங்காவிலிருந்து அவர்கள் திரும்பியபோது மதியம் ஆகியிருந்தது. நீல நோட்டை எடுத்து எழுதினார்:

ஜூன் 30, 2015, செவ்வாய். படி: 34. கயானா 18, சீனா 16.