மருமகன் வீட்டுச் சோறு

வெளிநாட்டில் இருக்கும் அக்காவின் பிரசவத்துக்குக் கிளம்பிய அம்மாவை, விசா இருந்தும், அந்த நாட்டு விமான நிலையத்திலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கட்டிக்கொண்டு போன அதே புடவையோடு காஞ்சிபுரத்தில் வந்து இறங்கினாள்.

எதிர்வீட்டு அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "இன்னாமா, ஃபாரின் அதுக்குள்ள சுத்திப் பாத்துட்டியா?"

"ஏரோப்ளேன் நல்லாதான் இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

வேலை செய்யும் நோக்கத்தோடு வந்திருக்கிறார் என்பதுதான் அவர்கள் எழுதிக் கொடுத்த காரணம். அம்மாவைக் கேட்டேன்.

"தமிழ்ல சொல்றதுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு. அங்க உன் செலவ யாரு பாத்துப்பாங்கன்னு கேட்டுச்சு. மருமகன் போடற சோத்த சும்மா துன்னுக்கினு உக்காந்திருக்க மாட்டேன், ஒழைச்சுதான் சாப்புடுவேன்னேன். வேற இன்னாடா சொல்றது?"

வேறு என்ன சொல்வாள்? பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கவே எங்கள் தெருவில் யோசிப்பார்கள். அக்கா இங்கே பக்கத்தில் ஓரிக்கையில் குடியிருந்த நாட்களில், அம்மா அரிசியும் காயும் சுமந்துகொண்டுதான் போவாள். போனதும் பாத்திரம் துலக்க உட்கார்ந்துவிடுவாள். தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிச் சுற்றிப் பழகிய கை, மடியில் கிடக்காது.

ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் மேல்முறையீட்டில் இறங்கினேன். விதிகளைப் படித்தேன், வீடியோக்கள் பார்த்தேன், அக்கா மூலம் அங்கே ஒரு வக்கீலைப் பிடித்தேன். அப்புறம் எல்லாம் காத்திருப்புதான். அனுப்பியதையே திரும்பக் கேட்பார்கள். திரும்ப அனுப்பினால், பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வரும். குழந்தை பிறந்ததைக்கூட போனில்தான் பார்த்தோம்.

அம்மா எந்த வேலையும் செய்யமாட்டார், மருமகனே பராமரிப்பார் என்று வக்கீல் ஒரு வாக்குமூலம் தயாரித்து அனுப்பினார். படித்துக் காட்டினேன்.

"இத மருமகன் பாப்பாரா?"

"மாமாதான்மா வக்கீல்கிட்ட குடுக்கணும்."

"அப்போ வேணாம்."

எவ்வளவோ பேசிப் பார்த்தேன். பேசிப் பேசி எனக்கே அலுத்துவிட்டது. பிறகு ஒரு நாள் வீடியோ காலில் அக்கா, குழந்தையை மடியில் போட்டபடி, தட்டில் பாதிச் சோறு இருக்க, பேசிக்கொண்டே தூங்கிப்போனாள். அம்மா வெகுநேரம் போனை வைக்கவில்லை. வைத்ததும் பேனாவைக் கேட்டாள்.

விசாரணையும் வீடியோவில்தான். அங்கே போய் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள்.

"சும்மா இருப்பேன்."

சாப்பாட்டுக்கு?

"மருமகன் போடுவாரு." தலையை நிமிர்த்தவே இல்லை.

அனுமதி கிடைத்தபோது குழந்தை உட்காரப் பழகியிருந்தது. லேகியத்துக்கு இனி வேலையில்லை என்று பையிலிருந்து எடுத்து வைத்த அம்மா, மெதுவாகக் கேட்டாள்.

"அங்க ரெண்டு பாத்திரம் கழுவினா புடிச்சுக்கினு போய்டுவாங்களா?"

"இல்லமா. வீட்டுக்குள்ள யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"அப்புறம் எதுக்குடா என்ன அப்டி சொல்ல வெச்சீங்க?"

பெட்டியைத் தூக்கி எடை பார்த்தேன். இன்னும் கொஞ்சம் வைக்கலாம் என்று மட்டும் சொன்னேன்.