ஒன்பது மைலும் பதினேழு சாட்சியும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் அமரவிளை. அங்கே மிஷன் பள்ளி ஒன்றில் ஆறு வருடம் பாடம் நடத்திய செல்லபாய் டீச்சரை 1955 ஜூன் முதல் ஒற்றசேகரமங்கலத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள். சரியாக ஒன்பது மைல். காலையில் அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. ஊர் திரும்பிய மிஷன் நர்ஸ் ஒருவர் விட்டுப்போன, நடுக்கம்பி இல்லாத சைக்கிள் அவரிடம் இருந்தது. அதில் போய்வருகிறேன் என்றபோது பள்ளிகளின் மேனேஜராக இருந்த போதகர் தலையை ஆட்டினார்.

"அவ்வளவும் மேடு, கயற்றமாக்கும், டீச்சர். மூச்சு வாங்கி வந்து எப்படிப் பாடம் எடுப்பீங்க? நேரத்துக்கு வந்து சேர முடியும்னு சாட்சியோட காட்டுங்க. இல்லேன்னா வேற ஆளைப் போடுதேன்."

சாட்சி என்ற சொல்லை டீச்சர் அப்படியே பிடித்துக்கொண்டார். மே 14, சனிக்கிழமை காலை ஆறரைக்கு அவரும் கணவர் ராபின்சனும் ஆளுக்கொரு சைக்கிளில் புறப்பட்டார்கள். டீச்சரின் பையில் நாற்பது பக்க நோட்டு. எங்கெங்கே நிற்கிறாரோ அங்கே சேர்ந்த நேரம், கிளம்பிய நேரம், பார்த்தவர் ஒருவரின் ஒப்பு, அதாவது கையெழுத்து.

"லீவுதானே, எல்லாத்தையும் பாத்துட்டே போவோம். நிக்கிற நேரத்தைக் கழிச்சா ஓடுன நேரம் தெரிஞ்சுபோகும்" என்றார் டீச்சர்.

நெய்யாற்றின்கரை 6.48. கோயில் வளாகத்தில் பழைய ராஜா ஒருவர் எதிரிகளுக்குத் தப்பி ஒளிந்திருந்ததாகச் சொல்லும் பொந்துப் பலாமரம் உண்டு. இவர்கள் கிறிஸ்தவ வேதக்காரர்கள், மதிலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்ததோடு சரி.

"ராஜாவுக்கு ஒளிய ஒரு பொந்து போதுமாயிருந்துது. உனக்கு உக்கார ஒரு நாற்காலி கிடைக்க இம்புட்டு பாடு" என்றார் ராபின்சன்.

பூ விற்றவர் சிரித்துக்கொண்டே ஒப்பு வைத்தார்.

அருவிப்புரம் 7.35. பாறைகளுக்கு நடுவே ஆறு மெலிந்து ஓடியது. காலை நனைத்து, கட்டிக்கொண்டு வந்த புட்டும் பழமும் தின்றார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்த சாயக்கடைக்காரரிடம் நோட்டை நீட்டியதும் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஒப்பு மட்டும் கேக்காதீங்க, டீச்சரே. போன வருஷம் எனக்க மச்சினன் ஒரு மனுவில ஒப்பு போட்டான். மூணு நாள் ஸ்டேஷன்ல இருத்திட்டாங்க."

எல்லைக் கிளர்ச்சி நடந்த வருடங்கள் அவை. தமிழ் பேசும் ஊர்களை மலையாளப் பகுதியிலிருந்து பிரித்துச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு பக்கம் மனு. ஒப்பு வாங்குகிறவர்களைத் தேடி மறுபக்கம் போலீஸ். நோட்டில் அந்த வரியை டீச்சர் ஒப்பில்லாமல் விட்டார். தானாக எதையும் எழுதி நிரப்பவில்லை.

பெருங்கடவிளைச் சந்தை 8.25. மரச்சீனிக் கிழங்கு விற்ற ஞானபாய் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"மக்கா, மனுவாக்கும்? எனக்க பேரையும் எழுது."

"இல்ல அம்மா, இது சைக்கிள் வந்த நேரம்."

"எனக்குத் தெரியாதா? போலீசுக்கு அப்பிடித்தானே சொல்லணும்!" ஞானபாய் கண்ணைச் சிமிட்டிவிட்டுத் திரும்பிக் கத்தினார். "எலே எலியா, கடையைப் போட்டுட்டு வா! டெல்லிக்குப் போற மனு!"

டீச்சர் மூன்று முறை விளக்கினார். விளக்க விளக்க வரிசை நீண்டது. சந்தைச் சாயக்கடைப் பாத்திரத்துக் கரியைத் தொட்டுத் தொட்டு வைத்தார்கள். நாலு ஒப்பு, பதின்மூன்று கைநாட்டு. ஆகப் பதினேழு.

சந்தை தாண்டியதும் ராபின்சன் சைக்கிளை நிறுத்தினார். "அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போடு. பிடிச்சா வேலையும் போகும், ரெண்டு பேரும் உள்ள போவோம்."

"நேரம் இருக்கிற பக்கமாக்கும் அது. கிழிச்சா கணக்கு பொய்யாயிரும்" என்று டீச்சர் மிதித்தார்.

9.32க்கு, பள்ளிக்கு அரை மைல் இருக்கையில், சாலையோரம் காவலுக்கு நின்ற ஹெட் கான்ஸ்டபிள் கை காட்டினார். நோட்டைப் புரட்டினார். கரிப் பக்கம் வந்ததும் முகம் மாறியது.

"இது எந்தாக்கும்?"

டீச்சர் ஒன்றையும் மறைக்கவில்லை. மாற்றல், போதகரின் நிபந்தனை, சந்தையில் நடந்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். "அவங்க மனுன்னு நினைச்சு வச்சாங்க. நான் நேரத்துக்கு வாங்கினேன். எட்டரை மைலுக்கு ஓட்டம் மட்டும் எண்பது நிமிஷம். கூட்டிப் பாருங்க."

ஹெட் கான்ஸ்டபிள் கூட்டினார். விரல் விட்டு மறுபடியும் கூட்டினார்.

"பொம்பளை, இந்தக் கயற்றத்தில? நம்ப முடியல்ல. இந்தா, பள்ளிக்குப் போயி, வாசலுக்கு வெளிய மரத்தில தொங்குற மணியை ஒரு தட்டு தட்டிட்டு வா. அதுவரைக்கும் நோட்டும் உனக்க மாப்பிளையும் இங்க இருக்கட்டும்."

"திரும்பி வரல்லேன்னா?" என்றார் ராபின்சன்.

"உம்ம பாடு கஷ்டம்தான்."

டீச்சர் சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகினார். அந்த அரை மைல்தான் வழியிலேயே மோசமான ஏற்றம். அவர் இறங்கித் தள்ளவில்லை. வளைவு வரைக்கும் ராபின்சன் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சாலை வெறுமையாகக் கிடந்தது. ஹெட் கான்ஸ்டபிள் கடிகாரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஐந்தாவது நிமிடம் முடியுமுன் மேட்டிலிருந்து கணீரென்று ஒரு மணி. எட்டு நிமிடம் இருபது விநாடியில் டீச்சர் முன்னால் வந்து இறங்கினார். வியர்வை ஒழுகியது, பேச்சில் திணறல் இல்லை.

"எழுதிக்கிடுங்க சார், நேரத்தை."

ஹெட் கான்ஸ்டபிள் கரிப் பக்கத்தை இன்னொரு முறை பார்த்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பி, நேரத்தை எழுதி, பெயரும் நம்பரும் போட்டு ஒப்பு வைத்தார். "பெருங்கடவிளையில இனி யாருக்கிட்டயும் ஒப்பு கேக்காதீங்க" என்று மட்டும் சொன்னார். அங்கிருந்து இருவரும் கள்ளிக்காடு வரை போய், கட்டிக்கொண்டிருந்த அணையை மதியம் வரை பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

திங்கட்கிழமை போதகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டை முதல் வரியிலிருந்து படித்தார். ஒப்பில்லாத வரியில் விரலை வைத்து, "இங்க ஏன் ஒண்ணுமில்ல?" என்று கேட்டார்.

"அவரு பயந்துட்டாரு, ஐயா. போடல்ல."

போதகர் மேற்கொண்டு படிக்காமல் நோட்டை மூடினார். "இதை நிரப்பாம கொண்டுவந்தீங்களே, அது போதும். அங்க பள்ளி மணி ஒன்பதேமுக்காலுக்கு அடிக்கும்."

ஜூன் 6, திங்கள். டீச்சர் தனியாகவே போனார். பள்ளி வாசலில் இறங்கியபோது மணி ஒன்பது இருபத்திரண்டு. வாசல் இன்னும் பூட்டிக் கிடந்தது.