இடப்பக்கத் தொட்டி

மனைவியைத் துடைத்துப் படுக்க வைத்ததும் லிஃப்ட்காரர் முழங்கை வரை ஐந்து முறை அலசுவார். மனைவிக்குச் சோப்புப் போட்ட கை வேண்டும். மீனுக்குச் சோப்பே ஆகாது. அலசிய கையை முகர்ந்து பார்ப்பார். சந்தேகம் வந்தால் ஆறாவது முறை. அதன் பிறகுதான் மீன்தொட்டி மூடியைத் திறந்து எண்ணுவார். "எட்டு. எல்லாரும் ஆஜர்."

முப்பத்தோர் ஆண்டு லிஃப்ட் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்றும் பெயர் போகவில்லை. எந்த இயந்திரத்தையும் முதலில் காதால்தான் பார்ப்பார். தண்ணீரைச் சுத்தம் செய்யும் தொட்டி மோட்டார் சற்றே கரகரத்தாலும், "தொண்டை கட்டிக்கிச்சு" என்று பிரித்துப் போட்டுவிடுவார். தொட்டிக் கண்ணாடியில் ஒரு பித்தளைத் தகடு ஒட்டியிருக்கிறது: 'எட்டு நபர்கள் மட்டும்.' இடித்த கட்டடம் ஒன்றின் லிஃப்டிலிருந்து கழற்றி எடுத்து வந்தது.

தொட்டி இருப்பது கட்டிலின் இடது பக்கம். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் மனைவிக்கு இடது பக்கம் என்று ஒன்று இல்லை. கண்ணில் கோளாறில்லை; மூளை அந்தப் பக்கத்தைக் கைகழுவிவிட்டது. தலையில் வலது பாதியை மட்டும் வாரிக்கொள்வார். தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டு முடித்து, "ஏங்க, இது என்ன புது வழக்கம்? அரை வயித்துக்குத்தான் போடுவீங்களா?" என்பார். லிஃப்ட்காரர் தட்டை அரைவட்டம் திருப்பி வைப்பார். "ம்... கேட்டாத்தான் வருது" என்று மீதியும் இறங்கும்.

மூன்றாம் மாதம் டாக்டர் சொல்லிவிட்டார்: "இடது பக்கம் திரும்பப் பழக்கணும். ஆறு மாசத்துக்குள்ள வர்றதுதான் பெரும்பாலும் வரும்." அசைகிற, பளிச்சென்ற எதையாவது அந்தப் பக்கம் வைத்துப் பாருங்கள் என்றும் சொன்னார். மறுநாளே தொட்டி வந்தது. அன்று மாலையே பதினொரு மீன்களும் வந்தன. நீளத் துடுப்புள்ள ஏஞ்சல் நான்கு, கோல்டு ஃபிஷ் மூன்று, அடுத்தவர் துடுப்பைக் கடித்தே பொழுது போக்கும் டைகர் பார்ப் நான்கு. சில நாளில் தண்ணீர் பால்போல் கலங்கியது. ஒன்பதாம் நாளுக்குள் பதினொன்றும் மிதந்தன. அவை செத்ததை மனைவி பார்க்கவில்லை. நீந்தியதையும் பார்க்கவில்லை.

அடுத்த முறை வேறு கடைக்குப் போனார். அங்கே இருந்த மீன்கடைக்காரம்மா கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அழகைப் பாத்து அள்ளிட்டீங்களாண்ணே? ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுமான்னு பாக்க வேணாமா? புதுத் தண்ணியில மொத்தக் கூட்டத்தையும் இறக்கினா அதுங்க கழிவே அதுங்களுக்கு விஷம். ஒரு மாசமாவது தண்ணி பழகணும்."

"மாசமெல்லாம் என்கிட்ட இல்லம்மா. ஆறுல மூணு போயிடுச்சு."

மனைவியின் நிலையைச் சொன்னார். கடைக்காரம்மா தன் பழைய தொட்டியிலிருந்து கறுத்துப்போன பஞ்சு ஒன்றைப் பிழியாமல் எடுத்துக் கொடுத்தார்.

"கழிவைத் தின்னுற நல்ல கிருமி இதுல ஊறியிருக்கு. இதை உங்க மோட்டார்ல வைங்க, தண்ணி சீக்கிரம் பழகும். இப்போதைக்கு ஜீப்ரா மீன் அஞ்சு. லேசுல சாகாது. ஒளியாது, அடியில படுக்காது. நாள் பூரா ஓட்டம்தான்."

"லிஃப்ட் மாதிரி."

"லிஃப்டாவது நிக்கும்ணே. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, சிவப்புப் பிளாட்டி மூணு தர்றேன். ரெண்டு ஜாதியும் சண்டை போடாது. ஆணாவே எடுத்துக்குங்க, இல்லேன்னா மாசாமாசம் பிரசவம் பாப்பீங்க."

எட்டும் பிழைத்துக்கொண்டன. மனைவி ஒரு முறைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. இப்போது ஐந்தாம் மாதம்.

லிஃப்ட்காரரின் முக்காலி கட்டிலின் வலது பக்கம் கிடக்கும். அங்கே உட்கார்ந்தால்தான் மனைவிக்கு அவர் இருக்கிறார். இடது பக்கம் போனால் காணாமல் போய்விடுகிறார். வாரம் இருமுறை வரும் நர்ஸம்மா இன்று அந்த முக்காலியைக் காலால் தட்டினார்.

"இது ஏன் இன்னும் இங்கேயே கிடக்கு?"

"அந்தப் பக்கம் போனா, எங்க போயிட்டீங்கன்னு அழுவுறாம்மா."

"உங்க வேலையை மீன் தலையில கட்டியிருக்கீங்க. மீன் கூப்பிடுமா? அழட்டும். பதில் சொல்லிக்கிட்டே அங்கேயே உட்காருங்க."

நர்ஸம்மா போன பின் லிஃப்ட்காரர் தொட்டியை இன்னொரு முறை எண்ணினார். பிறகு முக்காலியைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி வந்து, தொட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"ஏங்க?" என்றார் மனைவி, வலப்பக்கச் சுவரைப் பார்த்து.

"இங்கதான் இருக்கேன். இந்தப் பக்கம் பாரு."

"எங்க போயிட்டீங்க? ஏங்க?"

மனைவியின் நல்ல கை, வலப்பக்கம் முக்காலி இருந்த இடத்தில் வெறுங்காற்றைத் துழாவியது. குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது. எழுந்து நான்கு அடி வைத்தால் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

லிஃப்ட்காரர் "இங்கதான் இருக்கேன்" என்று மறுபடி சொல்லிவிட்டு, தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் கொடுத்து, அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.